ஊறப்போட்ட விதை

கட்டட வேலையில் என் அக்கா வீட்டுக்காரருக்கு மழைராசா என்று பட்டப்பெயர். கலவைச் சட்டியைச் சுமந்தபடியே வானத்தைப் பார்த்து நடப்பார். "மழைராசா, கீழ பாருய்யா, கால்ல கம்பி ஏறிடப் போவுது" என்று மேஸ்திரி கத்துவார். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

தங்கமான மனிதர், பிடிவாதம்தான் தாங்காது. முன்பெல்லாம் மழை காலம் தவறாது. அவரும் ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. இப்போது மழை நினைத்தால் வருகிறது, இல்லாவிட்டால் கைவிரிக்கிறது. விதைத்ததெல்லாம் முளைத்துக் கருகிய பிறகுதான் என்னோடு நகரத்துக்கு வந்தார். மிச்சமிருந்த ஒரே மூட்டை விதைநெல்லுக்குக் காவலாக அக்கா ஊரிலேயே இருந்தாள். அதுவும் போனால் விவசாயம் அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் நகரத்தில் பேய்மழை. வேலை நின்றது. சிமெண்டு மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தால், மாமா போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் கத்திக்கொண்டிருக்கிறார்.

"இந்தா பாரு, விதைய ஊறப்போடு! நான் பஸ் ஏறுறேன்."

"இங்க மேகந்தாங்க இருக்கு. ஒரு பொட்டு விழல," என்றாள் அக்கா.

"இங்க கொட்டுற கொட்டுக்கு அங்க வராம எங்க போயிடும்? சொன்னதச் செய்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, இங்க பேஞ்சா அங்கயும் பேயணும்னு சட்டமா? முளைவிட்டப்புறம் திருப்பி மூட்டை கட்டி வைப்பீங்களா?"

"நீ சும்மா இரு மாப்ளே!"

தனியே விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன். பாதி வழியிலேயே சாலை காய்ந்து கிடந்தது. மாமா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

அக்கா சொன்னபடி செய்திருந்தாள். ஊறிய நெல் ஈரச்சாக்கில் கட்டிக் கிடந்தது. முளைவிட்டதும் அதை நாற்றங்காலில் தெளித்தாக வேண்டும், வைத்திருக்க முடியாது. நாற்றங்காலோ பாளம் பாளமாக வெடித்திருந்தது. கிணற்றில் குடிக்கவே தண்ணீர் போதாது. மேகம் போக்குக் காட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

மறுநாள் சாக்கைப் பிரித்தபோது வெள்ளை வெள்ளையாக முளை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. எவ்வளவு நல்ல விதை! ஒரு பிடி அள்ளிய மாமா, அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வழியெல்லாம் அவரைத் திட்ட வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் விரலிடுக்கில் சிந்திய முளைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. சாக்கை இழுத்துப்போய் மாட்டுக்கு முன்னால் கொட்டினாள். மாடு ஆசையாகத் தின்றது. தின்று முடிக்கும்வரை அதன் கழுத்தைத் தடவியபடி நின்றாள்.

பிறகு என்னிடம் கேட்டாள்:

"தம்பி, உங்க மேஸ்திரி பொம்பளைங்களையும் வேலைக்குச் சேத்துக்குவாராடா?"