எதிர்மலையில் புகை

மலையேறுபவர்கள் தங்கும் அந்த மலைக்குடிலை மெங்கியா பத்தொன்பது கோடைகளாகப் பார்த்துக்கொள்கிறாள். கணவன் இறந்த பிறகு, பருவத்தின் கடைசி வாரம் மட்டும் அவளுக்குப் பிடிக்காமல் போனது. வேலையாட்கள் இறங்கிவிடுவார்கள். எண்பது படுக்கைகள் காலியாகக் கிடக்கும். மாலை ஆறு மணிக்குப் பனியாற்றுக்கு அப்பாலுள்ள குடிலைப் பார்த்துக்கொள்ளும் டூரி போன் செய்து, "நீ அனுப்பின ஆளு வந்துட்டாரு" என்பான். பெரும்பாலும் அன்று அவள் காதில் விழும் ஒரே பேச்சு அதுதான்.

இந்த ஆண்டும் அப்படி ஒரு நாள் காலை, ஒரே விருந்தாளியான எழுபது வயது எகோன், பதிவேட்டில் அடுத்துத் தங்கும் இடமாக டூரியின் குடிலை எழுதிவிட்டுக் கிளம்பினார்.

"டூரி பார்லி சூப் வெச்சுத் தருவான். உப்புதான் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று வழியனுப்பினாள்.

ஆறு மணிக்கு போன் வரவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. டூரி நேற்றே குடிலைப் பூட்டிவிட்டு ஊருக்கு இறங்கிவிட்டான். அவன் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"டூரி, உன் குடிலுக்கு ஒருத்தரை அனுப்பிட்டேன்."

"நேத்து உன்கிட்ட சொல்லிட்டுத்தானே இறங்கினேன்! காதை எங்க கழட்டி வெச்சிருந்தே?"

"அப்புறம் திட்டு. குளிர்கால அறை திறந்திருக்கா?"

"குடில் மூடினப்புறம் வர்றவங்களுக்குன்னு விட்ட அறை, அதை யாராவது பூட்டுவாங்களா? பின்பக்கம், வெறும் தாழ்ப்பாள். விறகு, கம்பளி எல்லாம் இருக்கு."

"அவருக்குத் தெரியணுமே. முன்கதவுல பூட்டைப் பாத்துட்டுத் திரும்பியிருந்தா?"

பனியாற்றின் ஓரப் பாதையில் இருட்டில் நடந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

"கால் மணி நேரம் என் குடில் கூரையில புகை வருதான்னு பாரு. வரலேன்னா ஹெலிகாப்டரைக் கூப்பிடு" என்றான் டூரி.

எதிர்மலையை மேகம் மூடியிருந்தது. மெங்கியா வீட்டுச் செருப்போடு வாசலில் நின்று, தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பார்த்தாள். விரல்கள் மரத்துப்போயின. பத்து நிமிடம் கழித்து மேகம் கிழிந்தது. சாம்பல் நிறக் கூரை தெரிந்தது. அதன் மேல், நூல் போல ஒரு புகை.

ஓடிப்போய் போனில் டூரியிடம் சொன்னாள்.

"நல்லவேளை. சூப்பை அவரே வெச்சுக்கட்டும், உப்பு சரியா இருக்கும்" என்று சிரித்துவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

மெங்கியா பதிவேட்டில் எகோன் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டாள்.

"வந்துட்டாரு" என்று காலி மேசைகளைப் பார்த்துச் சொன்னாள்.