நாலு கண்ணாடியும் ஒரு புனிதரும்

"நான் செத்து, பெட்டியில படுத்து, வேன்ல போறப்பகூடக் கண்ணாடியை இறக்கித்தான் வைக்கணும். ஏர்கோன் போட்டீங்க, எந்திரிச்சு இறங்கி நடந்தே போயிடுவேன் லா!"

செபாஸ்டியன் இந்தச் சபதத்தை எடுத்தது, அவருடைய சகலை ஜோனத்தன் புதுக் கார் வாங்கி, ஃபாதரை வரவழைத்து மந்திரித்த அன்று. தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்த ஃபாதரே ஒரு கணம் கையை நிறுத்திப் பார்த்தார். சபதம் செய்தவரின் வாயில் பாதி கறிபாப் இருந்தது. ஆனாலும் வாசலில் நின்ற அத்தனை சொந்தபந்தத்துக்கும் தெளிவாகக் கேட்டது.

காரில் காற்றோட்டம் என்பது செபாஸ்டியனுக்கு ஒரு கலை. காலையில் டத்தோ கிராமாட்டிலிருந்து பாயான் பாருவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது, தன் பக்கக் கண்ணாடியைக் கைப்பிடி சுற்றி முழுவதும் இறக்குவார். இடப்பக்கம் பாதி. பின்கண்ணாடிகள் நாலு விரல். மாலையில் திரும்பும்போது இந்த அளவுகள் மாறும். அந்தக் கணக்கு அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். "காத்து இங்கிட்டு நுழையும், கழுத்தை ஒரு சுத்து சுத்தும், அங்கிட்டுப் போயிடும். சயன்ஸ் லா இது." மழை பெய்தால் மூன்றை மூடி, தன்னுடையதை மட்டும் ஒரு விரல் திறந்துவைப்பார். வலது தோள் நனையும். அதற்கென்றே ஒரு துண்டு இருக்கிறது.

ஏர்கோன் மீது அவர் சுமத்தும் குற்றங்கள் பல. பெட்ரோல் குடிக்கும், இஞ்சினின் பலத்தை உறிஞ்சும், முட்டியில் வாயு சேர்க்கும். "சுத்திக் கடல் இருக்கு. ஆண்டவர் சும்மா குடுக்கிற காத்தை விட்டுட்டு, கேஸ் அடிச்சு வாங்குறான் மடையன்." யாரும் கைதவறிக்கூட அமுக்கிவிடக் கூடாதென்று, அந்தப் பட்டன் மேல் புனித கிறிஸ்தோபர் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார். பயணிகளின் பாதுகாவலரான புனிதர் அன்றிலிருந்து பயணிகளை விட்டுவிட்டு ஒரு பட்டனைப் பாதுகாத்துவருகிறார்.

இத்தனைக்கும் பாயான் பாரு ஃபேக்டரி ஸ்டோரில், பகல் முழுக்க ஏர்கோனுக்கு நேர் கீழே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர். கேட்டால், "அது கம்பெனி காத்து. நானா போட்டேன்?" என்பார்.

இந்தக் கலையின் விளைவுகளை அனுபவிப்பவர் அவருடைய மனைவி அமலம்மாள். கல்யாண வீடோ கருமாதி வீடோ, புறப்படும்போது பூவும் பவுடருமாக இருக்கும் அந்த அம்மாள், போய்ச் சேரும்போது புயலில் கரையேறியவர் போல இருப்பார். இந்த வருஷம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு முன்பாக அவர் அமைதியாக ஒன்று சொன்னார்:

"ஏங்க, இந்தத் தடவை நான் போட்ட பவுடரோட கோயில்ல இறங்கணும். வழியில உங்க காடி ஏதாச்சும் பண்ணுச்சு, தங்கச்சி வீட்டுக் காடியில ஏறிடுவேன். ஏறுனா ஏறினதுதான். அப்புறம் இதுல உக்கார மாட்டேன்."

அமலம்மாள் வீண் மிரட்டல் விடுபவர் அல்ல. ஒருமுறை இனி மீன் கழுவமாட்டேன் என்றார். அன்றிலிருந்து செபாஸ்டியன்தான் கழுவுகிறார்.

கார் அதே வாரம் 'ஏதாச்சும்' பண்ணியது. சிவப்பு விளக்கில் நின்றால் சூட்டுமுள் ஏறியது, ஓடினால் இறங்கியது. சனிக்கிழமை காலை தீவிலிருந்து கடற்பாலம் தாண்டி, மாக் மண்டினில் கார் பழுதுபார்க்கும் போர்மேன் குணாளனிடம் கொண்டுபோனார். குணாளன் இஞ்சினை ஓடவிட்டு, போனட்டைத் திறந்துவைத்துக் கைகட்டி நின்றான். முள் ஏறியது. ரேடியேட்டர் விசிறி அசையவில்லை. காருக்குள் தலையை விட்டு, புனிதரின் வயிற்றில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினான். விசிறி ஹூம் என்று சுற்றத் தொடங்கியது.

"டேய்! யார்ரா அதைத் தொடச் சொன்னது?"

"அண்ணே, ஃபேன் நல்லாருக்கு, ஃபியூஸ் நல்லாருக்கு. சூடேறுனா ஃபேனைச் சுத்தச் சொல்ற சென்சர்தான் போச்சு. சாமான் கோலாலம்பூர்ல இருந்து திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஏர்கோன் போட்டு ஓட்டுங்க. ஏர்கோன் போட்டா ஃபேன் தானா சுத்தும்."

"ஃபேனுக்கு ஒயரை நேரா இழுத்து விட்டுடுடா."

"பட்டன் இருக்கிறப்ப ஒயர் எதுக்கு? மாட்டேண்ணே."

"அது சரி, தொடாத ஏர்கோன் எப்படிடா வேலை செய்யுது?"

"ஒவ்வொரு சர்வீஸுக்கும் நான் போட்டு விடுறேன்ல. இல்லாட்டி கம்ப்ரஸர் செத்துடும். உள்ளே உக்காந்து சாப்பாடுகூடச் சாப்பிட்டிருக்கேன். நல்லா சில்லுன்னு இருக்கும்."

தன் வீட்டில் வேறொரு குடும்பம் ரகசியமாகக் குடியிருந்ததைக் கண்டுபிடித்தவர் போல செபாஸ்டியன் அவனைப் பார்த்தார். ஆனால் திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசல் இல்லை, முள்ளும் எழவில்லை. "ஓடுறப்ப காத்தே போதும்" என்று வாய்விட்டுச் சொன்னார். "என் இஞ்சினும் என்னை மாதிரிதான்."

ஞாயிற்றுக்கிழமை அதே பாலத்தில், நடுக்கடலுக்கு மேலே, பினாங்குத் தீவு மொத்தமும் திருவிழாவுக்குக் கிளம்பியது போல நெரிசல். கார் நின்றது. காற்றும் நின்றது. முன்னால் ஒரு லாரி கரும்புகை விட்டது. அமலம்மாள் கைக்குட்டையை விரித்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். முள் மெல்ல எழுந்தது. செபாஸ்டியன் அதைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து இடப்பக்கம் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து ஒட்டி நின்றது. கருப்புக் கண்ணாடி நாலு விரல் இறங்கியது. உள்ளிருந்து குளிரும், பாட்டும், ஜோனத்தனின் பல்லும் வெளிப்பட்டன.

"என்ன சகலை, காத்து வாங்குறீங்களா? காடி அனத்துற மாதிரி இருக்கே. அண்ணி, பின் சீட்டு காலியாத்தான் இருக்கு."

அமலம்மாள் கைக்குட்டையை மடித்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். இடக்கை கதவின் பிடிக்குப் போனது.

"இருங்க தம்பி, பாப்போம்" என்றார்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட ஒரு நூல் இருந்தது. செபாஸ்டியன் ஏதோ தூசி தட்டுவது போல விரலை நீட்டி, புனித கிறிஸ்தோபரை அமுக்கினார்.

போனட்டுக்கு அடியில் விசிறி கிளம்பியது. காற்றுத்துளைகளிலிருந்து ஆண்டுக்கணக்கான தூசி ஒரு தும்மலாக வந்தது. அதன் பின்னால் குளிர். செபாஸ்டியன் உடனே அறிவித்தார்:

"இது இஞ்சினுக்கு. மனுசனுக்கு இல்ல. கண்ணாடியெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

நாலு கண்ணாடியும் திறந்தே இருந்தன. பினாங்குக் கடலைக் குளிரூட்டும் அரும்பணி சிறிது நேரம் நடந்தது. முள் இறங்கியது. அமலம்மாளின் கை மட்டும் கதவுப்பிடியில் அப்படியே இருந்தது.

பிறகு முன்னால் லாரி நகர்ந்தது. ஜோனத்தன் ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். கார்கள் வேகம் பிடித்தன. கடற்காற்று சும்மாவே வந்து நுழைந்தது. இனி இஞ்சினுக்கு விசிறி தேவையில்லை. செபாஸ்டியனின் விரல் புனிதர் வரை போனது. அங்கேயே நின்றது. பக்கத்தில் அமலம்மாளின் கொண்டையிலிருந்து ஒரு முடி பிரிந்து, நெற்றியில் அடித்து அடித்துப் பறந்துகொண்டிருந்தது.

அமுக்காமலே விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பார்வையைச் சாலையிலிருந்து அகற்றாமல், முட்டியைச் சொறிபவர் போலக் கையைக் கீழே விட்டு, தன் பக்கக் கண்ணாடியின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். மெதுவாக, சத்தம் வராமல், மேல் நோக்கி.