இரண்டு மணிக்கட்டுகள்

அக்கா வீட்டுக்காரருக்கு வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்க்கிற வேலை. முப்பத்தோரு வருஷமாக ஊரார் மீட்டரையெல்லாம் தப்பில்லாமல் படித்த மனிதர், தன் அலமாரியில் இருந்த சென்ட் பாட்டிலின் பெயரை ஒருநாளும் படித்ததில்லை. அக்காதான் வாங்குவாள். காலையில் அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது பின்கழுத்தில் அவளே இரண்டு தடவை அடித்துவிடுவாள். என்ன சென்ட் என்று யாராவது கேட்டால், அவளைக் கேளுங்கள் என்பார். இப்போது அவளைக் கேட்க முடியாது.

அக்காவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷம். அந்த அமளியில் பாட்டில் காலியானதை யார் கவனித்தது? ஆறு மாதமாக அத்தான் அறைக்குள் நுழைந்தாலே, யாரோ அந்நிய ஆள் என்று கத்துகிறாள். சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிடுகிறாள். வேறு வழியில்லாமல் திங்கட்கிழமை பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதாக முடிவாயிற்று. பழகிய வாசனை சில பேருக்கு மறக்காது என்று டாக்டர் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அவள் தன்னை அடையாளம் கண்டுகொண்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

பச்சை பாட்டில், லாவெண்டர், சலூன் ஞாபகம் வரும். கடைப்பெண்ணிடம் அவருக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் இரண்டை எடுத்து வைத்தாள். இரண்டும் பச்சை, இரண்டும் லாவெண்டர், இரண்டும் எங்கள் அப்பா காலத்துச் சரக்கு. ஒன்றில் துளசி தூக்கல், மற்றதில் புதினா. மாற்றி மாற்றி முகர்ந்து அவருக்கு மூக்கே மரத்துப்போனது. நீயாவது சொல்லேன் என்று என்னைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியது நீங்களா நானா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அத்தனை பேர் நடுவில் அவர் கண் கலங்கிவிட்டது.

எது என்று தெரிந்ததும் வந்து வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, இடது மணிக்கட்டில் துளசியும் வலதில் புதினாவும் அடித்துக்கொண்டார். இரண்டும் ஒட்டிவிடாமல் கைகளை அகட்டி வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எட்டத்திலிருந்தே இடது கையை நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலது கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாகிறது! அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

"எங்க வீட்டுக்காரர் வந்துட்டார் போல" என்று அக்கா அவர் கையை விட்டாள். "நீங்க கிளம்புங்க சார்."

"நான்தாம்மா அது."

அவள் காதில் வாங்கவே இல்லை. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது அத்தான்தான். அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு மறைக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றார்.