சந்தன சோப்பு

மில்லர்புரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் சாயங்காலம் பதினான்கு பேர் கூடி வாசிக்கிறோம். எல்லோருக்கும் பிழைப்பு வேறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் டிரம்பெட், ஆஸ்பத்திரி நர்ஸ் வயலின், காலேஜ் வாத்தியார் புல்லாங்குழல். ஷிப்பிங் ஆபீஸ் குமாஸ்தாவான நான்தான் இந்தக் குழுவை ஆரம்பித்தவன். முன்னால் நின்று கையை ஆட்டுகிறவனும் நான்தான். "யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். வாசிப்பு சரியில்லை என்று யாரையும் போகச் சொல்ல மாட்டோம்" என்று ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டியதும் நான். அதை எழுதிய அன்று எனக்கு என்மேலேயே பெரிய மரியாதை வந்தது.

அந்த அட்டையை நம்பி வந்தவர் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. ஐம்பது வயதுக்கு மேல் வயலின் கற்றுக்கொண்டவர். கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து, எல்லோருக்கும் நாற்காலி விரித்துப் போடுவார். வாசிப்புதான் வம்பு. சுருதி எப்போதும் ஒரு மயிரிழை கீழேயே நிற்கும். மெதுவாக வாசித்தாலாவது மற்றவர்கள் சத்தத்தில் அமுங்கிப்போகும். அவரோ, கடைக்குள்ளிருந்து தெருமுனை ஆளைக் கூப்பிடுகிற தொண்டையை வில்லுக்கும் கொடுத்திருந்தார்.

போன வருஷம் கடற்கரைப் பூங்கா மேடையில் வாசிக்க எங்களை அழைத்தார்கள். வெளியாட்கள் முன்னால் வாசிப்பது அதுதான் முதல் தடவை. நானே அமைத்த எட்டு நிமிட இசை. நடுவில் வயலின்கள் மட்டும் தனியாக வரும் ஓர் இடம் உண்டு. ஒத்திகைக்கு ஒத்திகை அந்த இடம் அண்ணாச்சியால் கெட்டது. அங்கே மட்டும் வாசிக்காமல் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அட்டை எழுதியவன் அல்லவா? எனக்கு நல்லவன் என்ற பெயரும் வேண்டும், என் இசையும் கெடக்கூடாது.

வயலின் வில்லின் முடியில் ரோசின் கட்டியைத் தேய்த்தால்தான் அது தந்தியைப் பிடித்துச் சத்தம் எழும். அதன்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது. யாரோ ஒருமுறை இதை வேடிக்கையாகச் சொன்னார்கள். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு வேகத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. வீட்டுக் குளியலறை சோப்பைக் காயவைத்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். சுருதி சேர்த்து முடித்து எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் காரியத்தை முடித்தேன். அண்ணாச்சியின் வில்லைப் பழையபடி பெட்டிக்குள் வைத்துவிட்டு நானும் டீ குடிக்கப் போனேன்.

முன்வரிசையில் அண்ணாச்சியின் அக்கா உட்கார்ந்திருந்தார். தம்பி மேடை ஏறுவதைப் பார்க்கக் கொற்கையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்.

மூன்றாவது இழுப்பிலேயே அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. வில்லைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். வேர்வை துடைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கடைசிவரை சத்தமில்லாமலே வாசித்தார். மற்ற வில்கள் மேலே போனபோது மேலே, கீழே வந்தபோது கீழே. ஓர் இழுப்பும் தப்பவில்லை. என் இசை அன்றைக்கு அழகாக இருந்தது. கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

மேடையை விட்டு இறங்கியதும் அக்கா சொன்னார்: "எல்லாரு சத்தமும் கேட்டுச்சு. எந்தம்பி சத்தம் எதுன்னுதான் எனக்குத் தெரியல."

"கடக்காத்துக்கா. வில்லு ஈரம் வாங்கிட்டு" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஆமா அண்ணாச்சி, உப்புக்காத்துல அப்படித்தான் ஆகும். பெட்டிக்குள்ள கொஞ்சம் அரிசியத் துணியில முடிஞ்சு போட்டு வையுங்க" என்று, அரிசி விற்கிறவருக்கே யோசனை சொன்னேன்.

"சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. நாற்காலிகளை அவரவரே விரித்துக்கொண்டார்கள். அவர் கடை வழியாகப் போகாமல் நான் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். நான்காவது வாரம் வீட்டில் சோப்பு தீர்ந்துவிட்டது. வேறு கடையில் வாங்கினால் தெருவே ஏன் என்று கேட்கும். போனேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே அலமாரியிலிருந்து சந்தன சோப்பை எடுத்து முன்னால் வைத்தார். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுக்கு அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார். எந்த வீட்டில் எந்த சோப்பு என்பது அவருக்கு மனப்பாடம்.

"போன கட்டி சீக்கிரம் தேஞ்சிருக்குமே சார்" என்றார்.

மேடையில் அவர் மூக்கருகே கொண்டுபோன வில் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "அண்ணாச்சி, நான்..." என்று தொடங்கினேன்.

"வாசிக்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா, அக்கா பக்கத்துல உக்காந்து நானும் கேட்டிருப்பேன் சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. "பின்னால ஆளு நிக்காவ பாருங்க."

ஒதுங்கி வழிவிட்டேன். மன்னிப்புக் கேட்க இன்னும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மல்லி வேண்டுமா, சீரகம் வேண்டுமா என்றுதான் கேட்டார். வயலின் பெட்டி அரிசி மூட்டைகளுக்கு மேலே பரணில் கிடக்கிறது.

கதவில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் நின்று படித்துவிட்டு, நல்ல மனுஷன் என்று என்னைப் பார்க்கிறார்கள். அட்டையில் பொய் ஒன்றும் இல்லை. நான் யாரையும் போகச் சொல்லவில்லை.