நாலாவது கணினி

நான் பொய்யே பேசாதவன் என்று சொன்னால் அதுவே பொய். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். இரவுவரை காத்திருக்க அதற்குப் பொறுமை இல்லை போலும்.

எங்கள் சாமான் அறையில் மூன்று பழைய கணினிகள். குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள் மேஸ்திரி அவற்றைக் கட்டி மேய்க்கிறது. ஒன்று படுத்தால், அதன் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டிவிடும். அங்கேதான் நிரல்களைச் சேமித்து வைக்கும் என் கிட் சர்வர் ஓடுகிறது. முப்பது வருடமாக நான் எழுதிய நிரல்கள், ஒவ்வொரு திருத்தத்தோடும் அதற்குள். வேறு நகல் கிடையாது.

“இதையெல்லாம் ஏதாவது கிளவுட் கம்பெனிக்காரன்கிட்ட கொடுத்துட்டு நிம்மதியா இருங்க அத்தான்” என்பான் மைத்துனன்.

“என் எழுத்து என் வீட்டுலதான்டா இருக்கும்.”

அன்று பகல் 2:12. ஒரு கணினியின் விசிறிச் சத்தம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனைவி, கையில் இஸ்திரிப் பெட்டியோடு.

“பிளக் வேணும். உங்க பொட்டில ஒண்ணைக் கழட்டினேன். என்ன இப்போ?”

கிட் ஓடிக்கொண்டிருந்த கணினி அது. பரவாயில்லை, மேஸ்திரி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வேறொன்றில் எழுப்பிவிடும் என்று உட்கார்ந்தேன்... அப்புறம்தான் உறைத்தது. தகவலைத் தனி டிஸ்க்கில் வை என்று மேஸ்திரிக்கு ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவே இல்லை. அந்த வரி இல்லாமல் நின்றால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோகும்; இனி காலியாகத்தான் எழும். முப்பது வருடம்... ஒரு சட்டை மடிப்புக்கு.

2:17. எழுந்தது.

காலியாக இல்லை. எல்லாம் அப்படியே இருந்தது.

எந்தக் கணினியில் ஓடுகிறாய் என்று கேட்டேன். திரையில் பதில் வந்தது. நான்கு.

இருப்பதே மூன்று.

ங்ங்ங்ங்... விசிறிச் சத்தம். என் முதுகுக்குப் பின்னால். அங்கே வெறும் சுவர்.

நான் திரும்பவில்லை. “யாரா இருந்தாலும் சரி, அங்கேயே நில்லு. நகல் எடுத்துட்டு வந்து பேசிக்கறேன்.”

2:31... 2:44... பிடரியில் சூடான காற்று.

2:58. நகல் முடிந்தது.

சத்தம் நின்றது.

திரையில் நான்கு இல்லை.

மாலையில் மைத்துனன் வந்து மேஸ்திரியின் பதிவுகளைத் துழாவினான். “இப்பவாவது கொடுத்துடுங்க அத்தான்.”

“மாட்டேன். பேயே பத்திரமா பாத்துக்குது. உன் கம்பெனிக்காரன் பாத்துப்பானா?”

அவன் சிரிக்கவில்லை. ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். நான்காவது கணினி வந்து சேர்ந்த தேதி.

அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் நான் இந்த மூன்றில் முதல் கணினியையே வாங்கினேன்.