இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்க முடியாதது

இங்கே ஸ்காட்லாந்துக்கு வடக்கே, வெஸ்ட்ரே தீவில் நான் வேலைக்குப் போவது விமானத்தில். சொன்னால் எங்கள் ஊர் திண்டிவனத்தில் வாயைப் பிளக்கிறார்கள். பக்கத்துத் தீவு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. பறக்கும் நேரம் இரண்டு நிமிடம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதுவும் இல்லை. அங்குள்ள கிளினிக்கில் வாரம் ஒரு நாள் எனக்கு நர்ஸ் வேலை.

போன மாதம் அப்பா வந்திருந்தார். கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையைச் சித்தப்பா பொறுப்பில் விட்டுவிட்டு அவர் வந்தது ஊர் சுற்ற அல்ல. இந்தத் தீவில் செம்மறியாடு வளர்க்கும் ஈவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வந்த பிறகும், ஈவன் கொண்டுவந்த ஆட்டுக்கறியை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "அவரைப் பத்தி என்னப்பா நெனைக்கிறீங்க?" என்றால், "பிளேன்ல போவோமில்ல, அப்ப பேசிக்கலாம்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அப்பா முக்கியமான எதையும் வீட்டில் பேச மாட்டார், பஸ்ஸில்தான் பேசுவார். விழுப்புரத்தில் ஏறினால் விக்கிரவாண்டி வரை வாயைத் திறக்க மாட்டார். கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது தொண்டையைச் செருமுவார். நான் நர்சிங் சேர்ந்தது, அண்ணன் கல்யாணம் எல்லாம் அங்கிருந்து திண்டிவனம் வருவதற்குள் முடிவானவை. பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். இந்த விமானத்தில் கூட்டேரிப்பட்டு எங்கே வரும், நீங்களே சொல்லுங்கள்.

என் வேலை நாளன்று அப்பாவும் கூடவே கிளம்பினார். எட்டுப் பேர் உட்காரும் விமானம். கதவு திறந்ததும் அப்பா ஓடிப்போய்ப் பின்சீட்டில் துண்டை வீசினார். "கண்ணு, ஜல்தி வா! ரெண்டு சீட்டு புடிச்சிட்டேன்." இங்கே எடை பார்த்துப் பைலட்தான் இடம் சொல்வார். அவர் துண்டை எடுத்தார். கிழவர் மறந்துபோன மஃப்ளர் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பாவின் கழுத்தில் அன்பாகச் சுற்றிவிட்டு, தன் பக்கத்து சீட்டைக் காட்டினார்.

"துண்டு போட்ட சீட்டு சார் அது," என்றார் அப்பா.

"யூ ஆர் வெல்கம்," என்றார் பைலட்.

அப்பா முன்னால், நான் கடைசியில். விமானம் எழும்பியது. அவர் செருமினார், திரும்பினார், இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "அந்தப் பையன் விஷயமா..." சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

"இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லப்பா, இவ்ளோதான்."

"இதுக்கா டிக்கெட்டு? பேஜாரு புடிச்ச வண்டியா இருக்குது! திரும்பறப்ப போட்டுல பேசிக்கினு போவலாம்."

வேலை முடிந்து திரும்பும்போது படகில் அரை மணி நேரம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஈவன் நல்லவர், குடிப்பது குறைவு, வருஷா வருஷம் ஊருக்கு வருவோம் என்றெல்லாம். அப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். செருமக்கூட இல்லை. வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். துறையில் ஈவன் நின்றுகொண்டிருந்தார்.

"எழுந்திரும்மா," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "உன் ஊரு வந்திடுச்சி."

சம்மதம் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. அவர் வாயில் எனக்கென்று தனியாக ஓர் ஊர் இருந்ததே இல்லை. திண்டிவனம் எப்போதும் 'நம்ம ஊரு'தான். கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனாலும் படகைக் கட்டிய பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஈவன் கரையிலிருந்து கை நீட்டினார். ஒரு கையை அவரிடம் கொடுத்தேன். இன்னொரு கை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.