முப்பத்திரண்டு அங்குலத்தில் ஒரு பொட்டு

என் தங்கை தாட்சாயணியின் கணவர் தணிகாசலத்துக்குக் கோணல் என்றால் ஆகாது. நகரியில் வீட்டு முன்அறையிலேயே பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறார். அந்த ஊரில் யாருக்குக் காது குத்தினாலும், யார் பிறந்தநாள் கொண்டாடினாலும், முகத்தைப் பெரிதாக்கி, பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் போட்டு நிமிர்த்தி வைப்பவர் அவர்தான். ஓடுகிற பஸ்ஸிலிருந்தே ரோட்டோரத்தைப் பார்த்து, "அந்த பேனரு எடது பக்கம் ரெண்டு இன்ச் எறங்கிக் கீது" என்பார். இறங்கிப் போய்விடாமல் நான்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். காலண்டர் கோணல், கோலம் கோணல், என் மீசை கோணல். தினமும் காலையில் தாட்சாயணி காபி கொண்டுவந்து நீட்டினால் முதலில் டம்ளரைப் பார்க்க மாட்டார், அவள் நெற்றியைப் பார்ப்பார். "பொட்டு கோணலா கீது" என்பார். "உங்க கண்ணுதான் கோணல்" என்பாள் அவள். கல்யாணமான மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பொழுது விடிவது இப்படித்தான்.

நான் ஜெயச்சந்திரன், புத்தூரில் கணக்கு வாத்தியார். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் முப்பத்திரண்டு அங்குல மானிட்டர் ஒன்றைத் திருப்பதியிலிருந்து நகரிக்குப் பஸ்ஸில் கொண்டுவந்து பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தணிகாசலம்தான் போன் செய்தார்.

"மச்சான், ஞாயித்துக்கெழம திருப்பதி போலாமா? பெரிய மானிட்டர் ஒண்ணு வாங்கணும்."

"பழசுக்கு இன்னா ஆச்சு மாப்ள?"

"தெரிய மாட்டேங்குது."

"எது?"

"குவாலிட்டி" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதே சந்தேகம். ஒரு மாதமாகவே அவர் கல்யாணப் பத்திரிகை வந்தால் கையை முழுசாக நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதாகப் போகிறது, கண்ணாடி போட வேண்டிய காலம்தான். ஆனால் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. அவருடைய நைனா, அதாவது அப்பா, பவர்லூம் ஓட்டியவர். ஒரு நாள், தறியில் வெள்ளைப் பாவு நூலில் ஏதோ கறுப்புப் பொட்டு தெரிகிறது என்றாராம். கண்ணாடி போட்டார்கள். இரண்டே வருஷத்தில் பார்வை முழுசாகப் போய்விட்டது. கண்ணாடி போட்டதால்தான் கண் போயிற்று என்பது மாப்பிள்ளையின் கணக்கு. நான் கணக்கு வாத்தியார், அது தப்புக் கணக்கு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நைனாவைக் கையைப் பிடித்து ஒன்பது வருஷம் நடத்திக்கொண்டு போன மனுஷனிடம் அதற்குமேல் வாதாட எனக்கு மனசு வரவில்லை.

திருப்பதிக் கடையில் அந்த மானிட்டரில் ஒரு புலி நடந்துகொண்டிருந்தது. "ஃபோர் கே சார். சூடண்டி, பாருங்க, மீசையில ஒவ்வொரு முடியும் எண்ணலாம்" என்றான் கடைக்காரன். மாப்பிள்ளை கிட்டே போய்ப் பார்த்தார். ஓரடி பின்னால் வந்தார். இன்னும் இரண்டடி வந்து வாஷிங் மெஷினில் முட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியுது மச்சான்!" என்றார். எட்டடி தூரத்தில் புலி எனக்கும்தான் தெரிந்தது, ஆனால் புலியை வைத்து யார் பேனர் அடிக்கப் போகிறார்கள்?

பஸ்ஸில் அட்டைப்பெட்டிக்கு ஜன்னலோர சீட்டு, எனக்கு நிற்க இடம். டிவி என்று நினைத்து ஏறுகிறவர்கள் எல்லோரும் எத்தனை இன்ச் என்று கேட்டார்கள். "இது டிவி இல்ல, மானிட்டரு" என்று வடமாலைப்பேட்டை வரை சொன்னேன். அதற்குப் பிறகு டிவி என்றே ஒத்துக்கொண்டேன். நகரியில் இறக்கும்போது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. சுளுக்கினால் எங்கே போவது என்று எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் இருக்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மறுநாள் கையில் கட்டோடுதான் பாடம் நடத்தினேன்.

அதே திங்கட்கிழமை, பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற வேணு வந்து மாட்டியிருக்கிறான். நடந்ததைத் தங்கை ஒன்றுவிடாமல் போனில் சொன்னாள். மானிட்டரின் கால்கள் மேஜையைவிட அகலம். அதனால் சாப்பாட்டு மேஜை கடைக்குப் போய்விட்டது, அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பழைய சி.பி.யு. பெட்டியில் இந்த மானிட்டரின் வயருக்கு ஓட்டையே இல்லை. வேணு பஜாருக்குப் போய் ஒரு கார்டு வாங்கிவந்து செருகினான். திரை விரிந்தது. எழுத்தெல்லாம் எறும்பு அளவு.

"இன்னாடா இது, பெரிசு வாங்குனா எழுத்து சின்னதாயிடுச்சு?"

"புள்ளி ஜாஸ்திணா. ஜாஸ்தியானா எழுத்து சின்னதாத்தான் ஆவும். பெரிசு பண்றேன் இரு" என்று வேணு ஏதோ மாற்றினான். எல்லாம் பெரிதாயிற்று, மாப்பிள்ளை வேலை செய்கிற பழைய டிசைன் சாப்ட்வேரைத் தவிர. அதன் மெனு மட்டும் எறும்பாகவே நின்றது. "பரவால்ல, எங்க எது கீதுன்னு எனக்குத் தெரியும்" என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மஞ்சள், குங்குமம், கற்பூரத் தட்டோடு தாட்சாயணி வந்தாள். அவளை வாசலிலேயே மறித்துவிட்டார். "ஸ்க்ரீன் மேல ஒரு வெரல் பட்டுச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!" பூசை சி.பி.யு. பெட்டியோடு நின்றுவிட்டது.

அந்த வாரம் பவர்லூம் ஓனர் முனிகிருஷ்ணன் தன் மகளுக்குத் தாவணி போடுகிற ஓணி பங்ஷனுக்கு பேனர் போட வந்தார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே இரண்டடி அகலத்தில் அவருடைய சொந்த முகம். "இது யாரு மொகம்?" என்று கேட்டாராம். அவருடையதுதான் என்று தெரிந்ததும் ஒவ்வொரு குழியாக மூடச் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் மூஞ்சி, உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டது. மகள் வந்து பார்த்து, "நைனா எங்க?" என்று கேட்டதும் குழிகளை எல்லாம் திரும்பத் தோண்டச் சொன்னாராம். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் மணிக்கட்டு வலித்தது.

சனிக்கிழமை அவளிடமிருந்து மறுபடியும் போன். குரலே சரியில்லை.

"அண்ணா, அவரு திட்டலணா."

"திட்டலன்னா சந்தோஷப்படுவியா, அழுதுக்கினு பேசறியே!"

"செவ்வாக்கெழம அவரு குளிக்கப் போனப்போ, ஸ்க்ரீன் மேல் மூலையில மையால உளுந்து அளவுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சேன். ஊர்க் கண்ணெல்லாம் அது மேலதான கீது? வந்து பாத்துட்டு குதிப்பாருன்னு நெனச்சேன். ஒண்ணுமே சொல்லல. வியாழக்கெழம அதத் தொடச்சிட்டு கொஞ்சம் கீழ வெச்சேன், கொஞ்சம் பெரிசா. அதுக்கும் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு நட்டநடுவுல, கொண்டக்கடல அளவு வெச்சிட்டேன். எதிர்ல ஒக்காந்துக்கினு கீறாரு, வாயே தொறக்கல. ரோட்டுல பேனர் ரெண்டு இன்ச் எறங்குனா கத்துறவருக்கு, மூக்குக்கு நேரா வெச்சது தெரியலயேணா! மாமனாருக்கு ஆன மாதிரியே..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எம் பொட்டு கோணல்னு சொல்லிக்கூட ஒரு மாசமாச்சு" என்றாள்.

கடைக்கு வந்தவர்கள் யாராவது அந்தப் பொட்டைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் புது வண்டியிலோ புது வீட்டிலோ கறுப்புப் பொட்டைப் பார்த்தால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நகரிக்குப் போனேன். திருப்பதிக் கண் ஆஸ்பத்திரி என்றதும் என் மேல் பாய்வார், நானும் திருப்பிக் கத்தலாம் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் "சரி மச்சான், போலாம்" என்று சொல்லிச் செருப்பைத் தேடினார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. தயார் செய்த வசனமெல்லாம் வீணாயிற்று.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். மலையைப் பார்த்தார், மாந்தோப்பைப் பார்த்தார். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தாட்சாயணியைப் பார்த்தார். "கட வேலைய அவளுக்குக் கத்துக்குடுத்துடலாம்னு கீறேன் மச்சான். புத்திசாலிதான, புடிச்சுக்குவா" என்றார். புத்தூர் தாண்டி ஒரு பேனர் வந்தது. ஒரு பக்கம் கயிறு அறுந்து நன்றாகவே சரிந்திருந்தது. நான் வழக்கம்போல அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோணலாத்தான் கீது. இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

கட்டுப் போட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தோம். "செப்பண்டி, ஏமி பிராப்ளம்?" என்று கேட்டார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையே ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு கறுப்புப் பொட்டு மேடம். கண்ணுக்குள்ள. செவ்வாக்கெழம வந்துச்சு, வலது பக்கம் மேல, உளுந்து சைஸ்ல. கம்ப்யூட்டரப் பாத்தா மட்டுந்தான் தெரியும். எங்க நைனாவுக்கும் தறியில பாவப் பாத்தாத்தான் தெரிஞ்சுச்சு. வியாழக்கெழம கீழ எறங்கிடுச்சு, சைஸும் ஏறிடுச்சு. சனிக்கெழம நட்டநடுவுக்கே வந்துடுச்சு மேடம், கொண்டக்கடல அளவு. சுத்தி பனி மூட்டம் மாதிரி வேற. வீட்ல பயந்துக்குவாங்கன்னு சொல்லல."

தாட்சாயணியின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. பிறகு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

"ஐயோ! அது நான் வெச்சதுங்க!"

"இன்னாது?"

"பொட்டு! திருஷ்டிப் பொட்டு! ஸ்க்ரீன்ல நான்தான் மையால வெச்சேன்! பனி மூட்டம் நான் முந்தானையால தொடச்சது!"

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்திருந்தாலே பொட்டு கண்ணில் இல்லை, திரையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். எட்டாங்கிளாஸ் பையன்கூடக் கண்டுபிடிப்பான். ஆனால் அது பயப்படாதவனுக்கு. ஒரு வாரமாக ஒரே அறையில், அவருக்குக் கண் தெரியவில்லை என்று அவளும், கண் போகப் போகிறது என்று அவரும், ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் சேர்த்து பெஞ்சு மேல் நிற்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதே சமயம் கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சிரித்து முடித்த டாக்டரம்மா சும்மா அனுப்பிவிடவில்லை. நைனாவின் கதையைக் கேட்டதும், சொட்டு மருந்து விட்டு, கண்ணின் அழுத்தம் பார்த்து, நரம்பு பார்த்து எல்லாம் முடித்தார்.

"உங்க நைனாவுக்கு வந்தது வேற. உங்களுக்கு நரம்பு சுத்தமா இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ மட்டும் வந்து காட்டிடுங்க. இப்ப இருக்கறது வெறும் வெள்ளெழுத்து, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு கண்ணாடி போதும்."

"கண்ணாடி போட்டா கண்ணு போயிடாதா மேடம்?"

"போட்டா எழுத்து தெரியும், அவ்வளவுதான். ஆமா, மானிட்டர் எத்தன ரூபா?"

மாப்பிள்ளை சொன்னார். கண்ணாடி எவ்வளவு என்று டாக்டரம்மா சொன்னார். அதைக் கேட்டு நான் என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன்.

மருந்து தெளிய சாயங்காலம் ஆயிற்று. அதுவரை வராந்தாவில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாட்சாயணி, "திட்டிடுங்க, மனசுல வெச்சிக்கினு இருக்காதீங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அவர் அவள் கையை விடவே இல்லை. அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் என் தங்கை கையை அவர் பிடித்து நான் பார்த்தது, தாலி கட்டிய அன்றைக்குப் பிறகு அதுதான்.

ஐந்து மணிக்குக் கண்ணாடி தயார் என்று கூப்பிட்டார்கள். கவுன்டர்ப் பெண் கண்ணாடியைக் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு அட்டையையும் நீட்டினாள். மாப்பிள்ளை கண்ணாடியை மட்டும் வாங்கினார். பாம்பைத் தொடுகிறவர் மாதிரி பயந்து பயந்து காதில் மாட்டினார். அட்டையை வாங்கவில்லை. அப்படியே தாட்சாயணி பக்கம் திரும்பி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க? தெரியுதா?" என்று அவள் பயத்தோடு கேட்டாள்.

"பொட்டு கோணலா கீது" என்றார்.

"உங்க கண்ணுதான்..." என்று ஆரம்பித்தாள். மீதியைச் சொல்வதற்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.